யானை மலிவு, தீனி மலிவா?

சம்பள வாரத்தில் நெய்வேலி மெயின் பஜாரிலோ மந்தாரக்குப்பம் கடைத்தெருவிலோ மாலை நேரத்தில் நின்று பார்த்தால் ஒரு மாற்றம் கண்ணில் படும். ஸ்கூட்டர்களுக்கும் சின்னக் கார்களுக்கும் நடுவே பெரிய ஜீப் வகைக் கார்கள் ஒவ்வொன்றாக வந்து நிற்கின்றன. புதிதாக வாங்கும்போது இருபது லட்சம், முப்பது லட்சம் விலை இருந்தவை. இன்று நான்கு, ஐந்து லட்சத்துக்குக் கைமாறுகின்றன. வாங்குகிறவர்களில் நம் வணிகப் பெருமக்களும் உண்டு.

ஆசைப்படுவதில் தவறில்லை. அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து, இரவு பத்து மணிக்குக் கல்லாவைப் பூட்டுகிற மளிகை வியாபாரிக்கு ஒரு நல்ல வண்டியில் ஏறி உட்கார உரிமை இல்லையா? நிச்சயம் உண்டு. ஆனால் ஒரு மூட்டை துவரம்பருப்பு வாங்கும்போது எடை, ஈரம், கழிவு, ஏற்றுக்கூலி என்று ஐந்து கணக்குப் போடுகிற நாம், ஐந்து லட்சம் ரூபாய் வண்டிக்கு ஒரு கணக்கும் போடாமல் முன்பணம் கொடுத்துவிடுகிறோம். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏன் இத்தனை மலிவு?

நம் நண்பர் ஒருவர், மளிகை வியாபாரி, ஓர் ஆடி மாதத்தில் இப்படி ஒரு வண்டி வாங்கினார். வியாபாரம் மந்தமான மாதம், கையில் ரொக்கம் இருந்தது. புதுச்சேரியில் ஒரு தரகர் மூலம் நாலேகால் லட்சத்துக்கு முடிந்தது. பெயிண்ட் பளபளத்தது, ஏ.சி. ஜில்லென்று இருந்தது. ஆவணியில் கியர் விழ மறுத்தது. மெக்கானிக் பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொன்ன தொகை ஒரு லட்சத்துப் பத்தாயிரம். “வண்டியே நாலு லட்சம்தானப்பா, அதுக்கு இவ்வளவா?” என்று நண்பர் கேட்டிருக்கிறார். அதற்கு அந்த மெக்கானிக், “அண்ணாச்சி, குறைஞ்சது வண்டி விலைதான். சாமான் விலை குறையலையே” என்றாராம்.

விஷயம் முழுவதும் அந்த ஒரு பதிலில் இருக்கிறது. இருபத்தைந்து லட்ச ரூபாய் வண்டி வருடங்கள் ஓடியதால் ஐந்து லட்சத்துக்கு வந்துவிடுகிறது. ஆனால் அதன் பிரேக், கிளட்ச், இன்ஜெக்டர், டர்போ, கியர் பெட்டி எல்லாம் இன்றும் இருபத்தைந்து லட்ச ரூபாய் வண்டிக்குரிய சாமான்கள்தான். முதல் சொந்தக்காரர் பெரும்பாலும் செலவு தொடங்கும் சமயத்தில்தான் விற்கிறார். மலிவு என்று நாம் நினைப்பது பல நேரங்களில் அவர் செய்யாமல் விட்ட ரிப்பேரின் தொகையே.

நம் ஊருக்கு இது தேவையா?

1957 மே மாதம் ஜவஹர்லால் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்த ஊர் இது. திறந்தவெளிச் சுரங்கத்தின் மண் பாதைக்கு ஃபோர் வீல் டிரைவ் ஜீப் வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் டவுன்ஷிப்பின் சாலைகள் திட்டமிட்டுப் போட்ட அகலமான தார்ச்சாலைகள். வீட்டிலிருந்து பஜாருக்குப் போக நாலு சக்கரமும் இழுக்கத் தேவையில்லை. மந்தாரக்குப்பம், வடலூர் கடைத்தெருக்களில் இதைத் திருப்புவதற்கும் நிறுத்துவதற்கும் படுகிற பாடு தனி.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல், 2015 நவம்பரில் பெருவெள்ளம், 2024ல் ஃபெஞ்சல் புயல் என்று கடலூர் மாவட்டம் பட்ட அவதியை நாம் மறக்கவில்லை. தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது உயரமான வண்டியின் அருமை தெரியும். விக்கிரவாண்டி – தஞ்சாவூர் நெடுஞ்சாலையில் நான்கு வழிப் பணி பல ஆண்டுகள் இழுத்தபோது, பண்ருட்டிக்கும் வடலூருக்கும் சின்னக் காரில் போய் வந்தவர்களின் இடுப்புக்கும் தெரியும். ஆகவே தேவையே இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது. ஆனால் அந்த உயரத்துக்கு ஃபோர் வீல் டிரைவ் அவசியமில்லை. பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வகையிலும் அதே உயரம் உண்டு; ரிப்பேர் வரும் பாகங்கள் அதில் குறைவு. தேவைப்படும்போது மட்டும் போடுகிற ஃபோர் வீல் டிரைவை உலர்ந்த தார்ச்சாலையில் போட்டு ஓட்டினால் பற்சக்கரங்கள் இறுகித் தேயும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம், நம் ஓட்டம் குறுகிய ஓட்டம். காலையில் மூன்று கிலோமீட்டர், இரவில் மூன்று கிலோமீட்டர். பெரிய டீசல் இன்ஜின் சூடேறுவதற்குள் கடை வந்துவிடும். இப்படியே ஓடினால் புகை மறுசுழற்சி வால்வில் கரி படியும். 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 விதிக்கு உட்பட்ட டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. நெடுஞ்சாலையில் சற்று நேரம் ஒரே வேகத்தில் ஓடினால்தான் அது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். ஊருக்குள்ளேயே சுற்றினால் அடைத்துக்கொள்ளும், மாற்றுவதானால் பெருஞ்செலவு.

சந்தையில் கிடைப்பவை

மிட்சுபிஷி பஜேரோ: நம் தமிழ்நாட்டில், திருவள்ளூரில் இருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் 2002 முதல் தயாரானது. உறுதியான வண்டி என்று பெயர் எடுத்தது. ஆனால் அந்த ஆலையிலிருந்து இப்போது வருவது சிட்ரோன் கார்கள். பஜேரோ உற்பத்தியை மிட்சுபிஷி 2021ல் உலகம் முழுவதுமே நிறுத்திவிட்டது. உதிரிபாகத்துக்குச் சென்னைக்கும் அதற்கு அப்பாலும் அலைய வேண்டும். சாமான் வரும்வரை வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கும்.

ஃபோர்டு எண்டவர்: 2003 முதல் மறைமலை நகரில் தயாரானது. இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு 2021 செப்டம்பரில் அறிவித்தது. 2022ல் மறைமலை நகர் ஆலையில் உற்பத்தி நின்றது. பாகங்களும் சேவையும் தொடரும் என்று அப்போதே நிறுவனம் சொன்னது. ஆனாலும் சேவை மையம் உங்கள் ஊரிலிருந்து எத்தனை தூரம் என்று பார்த்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும்.

டாடா சஃபாரி: 1998ல் வந்தது. தனிச் சேஸ் மீது அமைந்த அந்த வகை 2019ல் நின்றது. 2021ல் அதே பெயரில் வந்தது முற்றிலும் வேறு வண்டி; அதற்கு முன்சக்கர ஓட்டம்தான். பழைய சஃபாரியைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக் நம் பக்கத்து ஊர்களிலேயே கிடைப்பார்.

மஹிந்திரா ஸ்கார்பியோ: 2002ல் வந்தது. பழைய வடிவமே 2022ல் ‘ஸ்கார்பியோ கிளாசிக்’ என்று தொடர்ந்ததால் பாகத்துக்குப் பஞ்சமில்லை. சொகுசு கொஞ்சம் குறைவு. நிம்மதி கொஞ்சம் அதிகம்.

டொயோட்டா ஃபார்ச்சூனர்: 2009ல் இந்தியாவுக்கு வந்தது. இது பழையதானாலும் அவ்வளவு எளிதில் விலை இறங்காது. ஃபார்ச்சூனர் ஒன்று சந்தை விலையைவிட மிக மலிவாக வருகிறது என்றால், மகிழ்ச்சி அடைவதற்கு முன் காரணத்தைக் கேளுங்கள்.

பொதுவாகச் சொன்னால், நம் ஊர் மெக்கானிக் எந்த வண்டியைப் பார்த்து முகம் சுளிக்கவில்லையோ அதுவே நமக்கு ஏற்றது.

அடக்க விலைக் கணக்கு

சரக்குக்கு அடக்க விலை போடுவது போலவே வண்டிக்கும் போட்டுப் பார்ப்போம். மாதம் 800 கிலோமீட்டர் ஓட்டம், மூன்று வருடம் வைத்திருந்து விற்பது என்று கொள்வோம். இவை ஓர் உதாரணத்துக்கான தொகைகள். உங்கள் வண்டிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

வண்டி விலை 5,00,000 ரூபாய். வாங்கியவுடன் டயர், பேட்டரி, எல்லா ஆயில்களும், பிரேக், பெல்ட் வகைக்கு 1,00,000. வருடம் 60,000 வீதம் மூன்று வருடப் பராமரிப்பு 1,80,000. வருடம் 20,000 வீதம் இன்சூரன்ஸ் 60,000. லிட்டருக்கு 9 கிலோமீட்டர் வீதம் 28,800 கிலோமீட்டருக்கு டீசல் 3,200 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் 2,94,400. மொத்தம் 11,34,400 ரூபாய். மூன்று வருடம் கழித்து 3,00,000 ரூபாய்க்கு விற்றாலும் நிகரச் செலவு 8,34,400. மாதத்துக்கு ஏறக்குறைய 23,000 ரூபாய். முடங்கிய 5,00,000 ரூபாய்க்கு நூற்றுக்கு 12 வட்டி என்றால் மாதம் 5,000. ஆக 28,000 ரூபாய்.

அதே 800 கிலோமீட்டருக்கு 3,00,000 ரூபாயில் ஒரு பழைய சின்ன பெட்ரோல் கார் வாங்கினால்? ஆரம்பச் செலவு 25,000, மூன்று வருடப் பராமரிப்பு 60,000, இன்சூரன்ஸ் 30,000, லிட்டர் 101 ரூபாய் வீதம் 1,800 லிட்டர் பெட்ரோல் 1,81,800. கடைசியில் 2,00,000 ரூபாய்க்கு விற்றால் நிகரம் 3,96,800. மாதம் 11,000, வட்டி 3,000, ஆக 14,000 ரூபாய்.

இதை நம் பாஷையில் சொல்கிறேன். மளிகையில் எல்லாம் போக நூற்றுக்கு 5 ரூபாய் நிற்கிறது என்றால், மாதம் 28,000 ரூபாய் சம்பாதிக்க 5,60,000 ரூபாய்க்குச் சரக்கு விற்க வேண்டும். சின்னக் காருக்கு 2,80,000 ரூபாய் விற்றால் போதும். பெரிய வண்டியின் மிடுக்குக்காக ஒவ்வொரு மாதமும் கூடுதலாக 2,80,000 ரூபாய் வியாபாரம் செய்ய நாம் தயாரா? தயார் என்பவர் தாராளமாக வாங்கலாம்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

1. வண்டியை அதிகாலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். நீங்கள் போவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால், காரணம் இருக்கிறது என்று பொருள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடேறிய பிறகும் நிற்காத வெள்ளைப் புகையும் நல்லதல்ல.

2. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்று பாருங்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. அப்படிப்பட்டவை துடைத்து, மெருகேற்றி வெளியூர்ச் சந்தைக்கு வருவது உண்டு. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். மண் கறை சொல்லிவிடும். தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டுகளில் துரு இருக்கிறதா, உள்ளே பூஞ்சை வாசனை வருகிறதா என்று கவனியுங்கள்.

3. வண்டியைத் தூக்கி நிறுத்திச் சேஸைப் பாருங்கள். வெல்டிங் செய்த தடம், புதிதாகப் பூசிய கறுப்புப் பெயிண்ட் இருந்தால் விபத்தில் அடிபட்டதா என்று விசாரியுங்கள். கடற்கரையோர ஊரில் ஓடிய வண்டி என்றால் துருவை இரட்டிப்புக் கவனத்துடன் பார்க்க வேண்டும்.

4. டயருக்கும் தயாரிப்புத் தேதி உண்டு. டயரின் பக்கவாட்டில் கடைசி நான்கு எண்களைப் படியுங்கள். 3519 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். பட்டன் தேயாமல் இருந்தாலும் வயதான டயர் வெடிக்கும். பிஸ்கட் பாக்கெட்டில் தேதி பார்க்கிற நாம் இதையும் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

5. கிலோமீட்டர் மீட்டரை நம்பாதீர்கள். சர்வீஸ் பில்களைக் கேளுங்கள். பெடல் ரப்பரும் ஸ்டியரிங்கும் தேய்ந்திருந்து, மீட்டர் மட்டும் 60,000 காட்டினால் பொய் யார் சொல்கிறது என்பது விளங்கும்.

6. ஃபோர் வீல் டிரைவ் வண்டி என்றால் அதை மண் தரையில் போட்டு ஓட்டிப் பாருங்கள். வருடக்கணக்கில் போடாமலே விட்டதால் இறுகிப்போனவை பல.

7. உங்கள் மெக்கானிக்குக் கூலி கொடுத்து அழைத்துப் போங்கள். தரகர் காட்டும் மெக்கானிக் தரகருடைய ஆள்.

காகிதங்கள்

புதுச்சேரி நமக்குப் பக்கம். அங்கே சாலை வரி குறைவு என்பதால் பதிவான பெரிய வண்டிகள் நிறைய விற்பனைக்கு வருகின்றன. டில்லி வண்டிகளும் வருகின்றன. பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிக்கு அங்கே 2015ல் பசுமைத் தீர்ப்பாயமும் 2018ல் உச்ச நீதிமன்றமும் தடை விதித்ததே அதற்குக் காரணம். 2025ல் அதில் சில தளர்வுகள் வந்தன. வெளிமாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் தமிழ்நாட்டுப் பதிவு பெற வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். அதற்குப் பழைய ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும், இங்கே வண்டியின் வயதுக்கேற்ற வாழ்நாள் வரியும் கட்ட வேண்டும். அந்த வரியைச் சேர்த்துப் பார்த்த பிறகே மலிவா இல்லையா என்று சொல்ல முடியும்.

பதினைந்து வருடம் முடிந்த வண்டி என்றால் எஃப்.சி. பார்த்துப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் காருக்கு 5,000 ரூபாய் ஆனது; 20 வருடம் தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆனது. பசுமை வரியும் உண்டு. இன்சூரன்ஸிலும் வித்தியாசம் இருக்கிறது. 2022ல் அறிவித்த கட்டணப்படி, மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு 1000 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு வருடம் 2,094 ரூபாய், 1500 சி.சி.யைத் தாண்டினால் 7,897 ரூபாய்.

பெயர் மாற்றத்தைத் தள்ளிப் போடாதீர்கள். படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் கையெழுத்தாகி, கடன் பாக்கி இருந்தால் படிவம் 35ம் நிதி நிறுவனத்தின் சான்றும் வந்த பிறகே முழுப் பணத்தையும் கொடுங்கள். உங்கள் பழைய காரை விற்கும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். வண்டி கைமாறிப் போயிருந்தாலும், ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018ல் தீர்ப்பளித்திருக்கிறது.

கணக்குப் புத்தகத்தில்

“கடை பேரில் வாங்கினால் வரியில் கழியும்” என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. ஆட்களை ஏற்றும், பதின்மூன்று பேர் வரை அமரும் வண்டிக்கு மளிகை வியாபாரி ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெற முடியாது. சரக்கு வண்டிக்குப் பெறலாம். வருமான வரியில் காருக்கு வருடம் 15 சதவீதத் தேய்மானம் உண்டு. ஆனால் சொந்த உபயோகத்துக்குரிய பகுதியைக் கழித்துவிடுவார்கள். மொத்த விற்பனையில் 8 சதவீதம் அல்லது 6 சதவீதம் லாபம் என்று காட்டி வரி கட்டுகிறவர்களுக்குத் தேய்மானம் தனியாகக் கிடையாது. நம்மில் பெரும்பாலோர் இந்த வகைதான்.

வண்டிக்கு ரொக்கமாகப் பணம் கொடுக்காதீர்கள். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், அந்தத் தொகை சொத்தின் அடக்கத்தில் சேராது. இரண்டு லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குகிறவருக்கு அதே அளவு அபராதம். ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர், தேய்மானம் கோரிய காரை விற்றால், விற்ற விலை புத்தக மதிப்பைவிட எவ்வளவு கூடுதலோ அந்த வித்தியாசத்துக்கு மட்டும் 18 சதவீத வரி. கூடுதல் இல்லை என்றால் வரி இல்லை. உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

யார் வாங்கலாம்?

கடை முதலைத் தொடாமல், கடன் வாங்காமல், சேமிப்பிலிருந்து கொடுக்க முடிந்தவர் வாங்கலாம். வண்டி விலையில் மூன்றில் ஒரு பங்கை ரிப்பேருக்கென்று தனியாக எடுத்து வைக்க முடிந்தவர் வாங்கலாம். மாதத்தில் நாலைந்து முறையாவது குடும்பத்தோடு நெடுந்தூரம் போகிறவர் வாங்கலாம். ஒரு நாள் வண்டி ஒர்க்‌ஷாப்பில் நின்றாலும் கடை திறக்கத் தடை இல்லாதவர் வாங்கலாம். மற்றவர்கள் ஆசையை ஒரு தீபாவளிக்குத் தள்ளிப் போடுவது நல்லது.

தீபாவளி என்றதும் நம் நண்பரின் கதைக்கு வருகிறேன். கியர் பெட்டிக்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரம், பிறகு நான்கு டயருக்கு அறுபதாயிரம், இழுத்து வந்த செலவு, தமிழ்நாட்டுப் பதிவு, வரி என்று புரட்டாசி முடிவதற்குள் ரொக்கம் கரைந்தது. தீபாவளிச் சரக்கு எடுக்க வேண்டிய சமயம். எண்ணெய், மைதா, சர்க்கரை, டால்டா எல்லாவற்றையும் அவர் வழக்கமாக ரொக்கத்துக்கு எடுத்து, அதில் தள்ளுபடி பெறுகிறவர். அந்த வருடம் முதல் முறையாக மொத்த வியாபாரியிடம் போய்க் கடன் சொன்னார். தள்ளுபடி போயிற்று. கேட்ட அளவு சரக்கும் கிடைக்கவில்லை. பண்டிகைக்கு நான்கு நாள் முன்பே கடையில் மைதா தீர்ந்தது. இருபது வருட வாடிக்கையாளர்கள் அடுத்த கடைக்குப் போனார்கள். அவர்களில் சிலர் திரும்ப வரவே இல்லை. அதுதான் தனக்கு உண்மையான நஷ்டம், கியர் பெட்டி அல்ல என்று நண்பர் சொல்கிறார்.

அடுத்த தையில் அந்த வண்டியை இரண்டே முக்கால் லட்சத்துக்குத் தள்ளிவிட்டார். அதோடு கொஞ்சம் சேர்த்து, நம் ஊரில் குட்டி யானை என்று அழைக்கிற டாடா ஏஸ் ஒன்று பழையதாக வாங்கினார். இப்போது அரிசியும் எண்ணெயும் சொந்த வண்டியில் வந்து இறங்குகின்றன, வாடகை மிச்சம். குடும்பத்தோடு வெளியூர் போக வேண்டுமானால் டிரைவரோடு வாடகைக் கார் எடுத்துக்கொள்கிறார். அதற்கு ஆகும் செலவு பழைய இன்சூரன்ஸ் தொகைக்குக்கூட வரவில்லை என்கிறார்.

யானை மேல் ஏறி ஊர்வலம் போகலாம்; தீனி போட வசதி இருந்தால். அதுவரை குட்டி யானையே நம் கடைக்குப் போதும்.